பதினொரு ஆண்டாக நிரம்பாத செப்டிக் டேங்க்: பாதாளச் சாக்கடை இணைப்பு வாங்க வேண்டுமா?

வாய்க்கால்மேடு எழுதியது:

வணக்கம். ஈரோடு மாவட்டத்தில் ஒரு சின்ன நகரில் வசிக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். போன ஆண்டு எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள். வாசலுக்கு வாசல் ஒரு சின்னத் தொட்டி கட்டி மூடியும் போட்டுவிட்டார்கள். இப்போது வைப்புத்தொகை கட்டி வீட்டு இணைப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. தெருவில் பாதிப் பேர் வாங்கவில்லை. என் கணவரும் வேண்டாம் என்கிறார். "செப்டிக் டேங்க் கட்டிப் பதினொரு வருடம் ஆகிறது. போன மாதம்தான் முதல் தடவையாக லாரி கூப்பிட்டோம். இவ்வளவு நன்றாக இருக்கிறதை ஏன் மாற்ற வேண்டும்?" என்பது அவர் பேச்சு.

அந்த லாரியைப் பற்றித்தான் எழுத வந்தேன். அரை மணி நேரத்தில் உறிஞ்சிக்கொண்டு கிளம்பிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் நடக்கப் போனபோது அதே லாரி, பின்புறம் மஞ்சள் பெயிண்டில் எழுதிய அதே எண், ஊருக்கு வெளியே பாலத்துக்குப் பக்கத்தில் நின்றது. தடித்த குழாய் ஓடைக்குள் இறங்கியிருந்தது. கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் கீழே ஒரு அம்மா தன் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கொட்டியது என் வீட்டுக் கழிவு என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பிறகு இந்த எண்ணம் என்னை விடவில்லை.

நான் கேட்பது இதுதான். இணைப்பு வாங்கினால் அந்தத் தண்ணீர் உண்மையில் எங்கே போகிறது, அங்கே என்ன செய்கிறார்கள்? அதுவும் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகும் என்றால் என்ன வித்தியாசம்? சாயப்பட்டறைத் தண்ணீரும் இதே குழாயில்தான் வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள் ஆப்பரேட்டர் எழுதியது:

அம்மா, நான் 26 ஆண்டுகள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்டதில் மூன்று விதமான கழிவு இருக்கிறது. வீட்டுச் சாக்கடை, செப்டிக் டேங்க் கசடு, தொழிற்சாலைக் கழிவு. மூன்றும் வேறு வேறு சாதி நோய்கள். ஒரே மருந்து போட்டால் கேட்காது.

முதலில் அளவைச் சொல்கிறேன். ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துத்தான் நம் நாட்டில் இந்தத் திட்டங்களைப் போடுகிறார்கள். அதில் 80 சதவீதம் சாக்கடையாகத் திரும்பும் என்பது கணக்கு. உங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றால் நாளைக்கு 540 லிட்டர். ஓர் ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் லிட்டர். இதில் 99 பங்குக்கும் மேல் வெறும் தண்ணீர்தான். மிச்சம் இருக்கும் அந்தத் துளி அழுக்குக்காகத்தான் இத்தனை கட்டடமும் இயந்திரமும்.

குழாய் வழியாக வரும் சாக்கடை கழிவுநீரேற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து பம்ப் செய்யப்பட்டு எங்களிடம் வரும். வாசலிலேயே கம்பிச் சல்லடை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை நீண்ட வாரியால் கையாலேயே வாருவோம். ஷாம்பு பாக்கெட், முடிக்கற்றை, நாப்கின், பழந்துணி, ஒரு நாள் புத்தகத்தோடு ஒரு பள்ளிக்கூடப் பை. அடுத்து மணல் படியும் தொட்டி. அதற்கு அடுத்தது கனமான கசடு அடியில் இறங்கும் தொட்டி. இதுவரை நடப்பது வெறும் வடிகட்டல். சமையல் அதற்குப் பிறகுதான்.

காற்றூட்டும் தொட்டியைப் பார்த்தால் உலை கொதிப்பதுபோல் இருக்கும். அடியிலிருந்து காற்றைச் செலுத்திக்கொண்டே இருப்போம். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, தண்ணீரில் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று பெருகும். நல்ல நிலையில் இருக்கும் தொட்டியின் நிறம், பால் குறைத்துப் போட்ட காப்பியின் நிறம். வாசனை, நம்பினால் நம்புங்கள், மழை விழுந்த செம்மண் வாசனை. நாற்றம் வந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் அந்தத் தொட்டித் தண்ணீரை மொண்டு, மேஜைமேல் ஆடாமல் வைத்து, அரை மணி நேரம் பார்ப்போம். முதல் ஐந்து நிமிடத்தில் பஞ்சுபோல் திரளும். பிறகு அடியில் படியத் தொடங்கும். முப்பதாவது நிமிடத்தில் அடியில் கால் பங்கு பழுப்புக் கசடும் மேலே தெளிந்த நீரும் நிற்க வேண்டும். ஜாடிக்குப் பின்னால் தினசரித்தாளைப் பிடித்தால் எழுத்துக் கூட்டிப் படிக்க வர வேண்டும் என்பார் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மூத்தவர். தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்ற அளவைத்தான் பி.ஓ.டி. என்போம். ஆய்வகத்தில் அதன் முடிவு வரச் சில நாள் ஆகும். ஜாடி அரை மணியில் சொல்லிவிடும்.

உள்ளே வரும்போது லிட்டருக்கு 250, 300 மில்லிகிராம் இருக்கும் பி.ஓ.டி., வெளியே போகும்போது பெருநகரங்களில் 20, மற்ற இடங்களில் 30-க்குள் இருக்க வேண்டும் என்று 2017-இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. 2019-இல் பசுமைத் தீர்ப்பாயம் அது போதாது, 10 ஆக்குங்கள் என்றது. ஆற்றுக்குத்தானே போகிறது, என்ன வித்தியாசம் என்று கேட்டீர்கள் அல்லவா? வித்தியாசம் அந்த 300-க்கும் 20-க்கும் நடுவில் இருக்கிறது. 300 உள்ள தண்ணீர் ஆற்றில் இறங்கினால், தொட்டியில் நடக்க வேண்டிய தின்னும் வேலை ஆற்றில் நடக்கும். ஆற்று நீரில் இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும். மீன் செத்து மிதக்கும். தண்ணீர் கறுக்கும்.

எல்லாமே ஆற்றுக்குப் போவதும் இல்லை. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு இரண்டு இடத்திலும் 2019-இல் இருந்து, இப்படிச் சுத்தம் செய்த நீரை மறுபடியும் வடிகட்டி, ஆர்.ஓ. செய்து, தலா 4.5 கோடி லிட்டர் ஒரு நாளைக்குத் தயாரிக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மணலி, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அந்த நீர் போகிறது. அந்த அளவுக்கு ஏரி நீர் மிச்சமாகிறது. கசடைச் செரிக்கவைத்து அதில் வரும் வாயுவால் மின்சாரம் எடுப்பதும் சென்னை நிலையங்களில் பல ஆண்டுகளாக நடக்கிறது.

இனி சாயத் தண்ணீர். அது இந்தக் குழாயில் வரக்கூடாது. ஆனால் வந்தது. நான் நேரில் பார்த்தேன். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், இரவு இரண்டு மணி. சல்லடையில் விழும் தண்ணீர் ஊதா நிறமாக இருந்தது. எங்கோ ஒரு பட்டறையில் இருந்து இருட்டில் மேன்ஹோலைத் திறந்து கொட்டியிருக்கிறார்கள். விடிவதற்குள் தொட்டியில் வெள்ளை நுரை நடைபாதை மட்டத்துக்கு ஏறிவிட்டது. ஜாடியில் கசடு படியவே இல்லை, திரிந்த பால்போல் மிதந்தது. அத்தனை நுண்ணுயிரும் செத்துப்போயின. வேறொரு நிலையத்தில் இருந்து உயிருள்ள கசடை டேங்கரில் வாங்கிவந்து, தயிருக்கு உறை ஊற்றுவதுபோல் ஊற்றினோம். பழைய காப்பி நிறம் திரும்ப 16 நாள் ஆனது. அந்த 16 நாளும் அரைகுறையாகச் சுத்தமான தண்ணீரைத்தான் ஆற்றுக்கு விட்டோம். எங்களுக்கு வேறு வழி இல்லை, வந்துகொண்டே இருக்கும் சாக்கடையைப் பிடித்து நிறுத்த முடியாது. அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது.

நுண்ணுயிர் சோற்றைத் தின்னும், எண்ணெயைத் தின்னும், சோப்பைக்கூட மெல்ல மெல்லத் தின்னும். உப்பைத் தின்னாது. சாயம் பருத்தியில் ஏறுவதற்காக லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பைச் சாயத் தொட்டியில் போடுகிறார்கள். துணி அந்த உப்பை ஏற்பதில்லை, அப்படியே கழிவில் வந்துவிடும். தோல் தொழிலிலும் இதே கதைதான். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவி வரும், முதல் ஊறலிலேயே அது தண்ணீரில் இறங்கும், பிறகு தோலைப் பதப்படுத்தப் போடும் குரோமியம் வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் பாலாற்றங்கரை மண்ணுக்கு அதுதான் நேர்ந்தது. அதன்மேல் வந்த வழக்கில்தான் 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது.

உங்கள் கணவர் சொன்ன பதினொரு வருடம் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் என்றால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடு எடுத்தாக வேண்டும். ஐந்து பேர் புழங்கும் வீட்டில் பதினொரு வருடம் நிரம்பவில்லை என்றால் அது எங்கேயோ வெளியேறிக்கொண்டிருக்கிறது. கட்டிய மேஸ்திரியைக் கேளுங்கள், அடியில் காங்கிரீட் போட்டாரா என்று. குடிக்கும் தண்ணீர் கிணறா, போரா, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் எழுதுங்கள்.

டேங்கர் 6000 எழுதியது:

அக்கா, நான் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறேன், ஒன்பது வருடமாக. நீங்கள் பார்த்தது என் லாரி இல்லை. ஆனால் நானும் ஓடையில் விட்டிருக்கிறேன். மறைத்துப் பேச விருப்பம் இல்லை.

அப்போது நிலைமை இப்படி. ஒரு லோடு ஆறாயிரம் லிட்டர். கசடை வாங்கிக்கொள்ளும் நிலையம் எங்கள் ஊரில் இருந்து 23 கிலோமீட்டர். அதுவும் பகலில்தான் திறந்திருக்கும். வீட்டுக்காரர்கள் நாற்றம் வரும் என்று இரவில் அல்லது அதிகாலையில்தான் வரச் சொல்வார்கள். நிரம்பிய வண்டியோடு விடியும்வரை எங்கே நிற்பது? எந்தத் தெருவில் நிறுத்தினாலும் அடிக்க வருவார்கள். டீசலை மிச்சம் பிடிக்கச் சொல்லி முதலாளி சொல்வார். வீட்டுக்காரரோ முந்நூறு ரூபாய் குறைத்துக்கொள் என்று பேரம் பேசுவார். அந்த முந்நூறு ரூபாய்தான் 23 கிலோமீட்டருக்கான டீசல். இதை நான் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, கொட்டுவது எங்கிருந்து தொடங்குகிறது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில விவசாயிகள் தாங்களே கூப்பிட்டுத் தோட்டத்தில் விடச் சொல்வார்கள், தென்னைக்கு நல்ல உரம் என்று. பச்சையாகக் கொட்டினால் அதில் புழு முட்டை எல்லாம் உயிரோடு இருக்கும் என்று நிலையத்தில் இருந்த மேடம் ஒருவர் விளக்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. காயவைத்துப் பக்குவம் செய்தால்தான் அது உரம்.

கசடைக் கையாள்வதற்கு 2014-இல் அரசு வழிமுறை வெளியிட்டது. அதன் பிறகு செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் கசடுக்கென்றே தனி நிலையம் வந்தது. பல ஊர்களில் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்திலேயே லாரி கொட்ட வாய் கட்டிக் கொடுத்தார்கள். 2023-இல் இருந்து உரிமம் இல்லாத லாரி ஓடக்கூடாது, கண்ட இடத்தில் கொட்டினால் அபராதம். எங்கள் வண்டிக்கு உரிமம் இருக்கிறது. இப்போது ஒவ்வொரு லோடுக்கும் நிலையத்தில் சீட்டு தருகிறார்கள். அடுத்த முறை லாரி கூப்பிடும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். உரிமம் இருக்கிறதா? கொட்டிய சீட்டை எனக்குக் காட்டுவாயா? சீட்டைக் காட்டினால்தான் பாக்கிப் பணம் என்று சொல்லிவிடுங்கள். 14420 என்ற எண்ணிலும் கூப்பிடலாம், புகாரும் சொல்லலாம்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அடியில் கெட்டியாக இருக்கிறது, ஒரு ஆள் இறங்கித் தள்ளிவிட்டால் சீக்கிரம் முடியும் என்று சிலர் சொல்வார்கள். இறக்காதீர்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் இறக்காதீர்கள். என்னோடு ஒரே லாரியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர், வேறொரு வண்டிக்கு மாறிய மூன்றாவது மாதம் குழியில் இறங்கினார். மூடியைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. உள்ளே இருக்கும் வாயு முதல் மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அவரைத் தூக்கப் போனவரும் பிழைக்கவில்லை. ஆளை இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த 2013 சட்டப்படி குற்றம். இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்தில் இருந்து 30 லட்சமாக உயர்த்தியது. என்னோடு வேலை பார்த்த அவர் இறந்தபோது அவர் மகள் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

நொய்யல் ஆயக்கட்டு எழுதியது:

அம்மணி, நான் சென்னிமலைக்குத் தெற்கே விவசாயம் பார்ப்பவன். மேலே ஆப்பரேட்டர் ஐயா உப்பைத் தின்னும் உயிர் இல்லை என்று எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. அந்த உப்பில் வாழ்ந்தவர்கள் நாங்கள்.

ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிந்தது. நொய்யலில் வெள்ளம் வரும்போது தேக்கி எங்கள் நிலத்துக்கும் கீழே கரூர்ப் பக்கத்துக்கும் பாய்ச்சுவதற்காகக் கட்டிய அணை. என் அப்பா அடிக்கல் விழாவுக்கு மாட்டு வண்டியில் போனவர். சில வருடத்திலேயே அணைக்குத் திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து நின்றது. உலகத்தில் எந்த ஊரிலாவது விவசாயி, அணையைத் திறக்காதே, எங்களுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று போராடியிருக்கிறானா? நாங்கள் போராடினோம்.

உப்பு வந்தால் நிலம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். கோடையில் பாத்தியின் மேட்டில் வெள்ளை பூக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். தென்னையில் ஓலை நுனி கருகும், குரும்பை உதிரும். மஞ்சள் போட்ட நிலத்தில் முளை வராது. கிணற்றுத் தண்ணீரில் சோப்புப் போட்டால் நுரை வராது, தயிர்போல் திரியும். மாடு குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கிக்கொள்ளும். மாட்டுக்குத் தெரிந்தது அது.

வழக்குப் போட்டோம். எங்கள் ஆயக்கட்டுப் பாதுகாப்புச் சங்கத்தின் வழக்கில் 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிற்கவில்லை என்றதும் 2011 ஜனவரி 28-இல் உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லிவிட்டது. எழுநூறுக்கும் மேல். அந்த நாட்களில் என் மைத்துனன் அங்கே பட்டறையில் கூலிக்கு இருந்தான். வேலை போய், குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம் தங்கினான். ஒரே சாப்பாட்டுப் பந்தியில் ஒருவன் பயிர் போனவன், ஒருவன் வேலை போனவன். இருவருமே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன், பட்டறைக்காரன் ஒழிய வேண்டும் என்று எங்கள் ஊரில் யாரும் நினைக்கவில்லை. தண்ணீர் எங்களுடையது, அதைக் கெடுக்காமல் தொழில் செய் என்றுதான் கேட்டோம்.

இப்போது அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பதினெட்டு இருக்கின்றன. சாயக் கழிவை ஆர்.ஓ.வில் பிரித்து நல்ல தண்ணீரைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிச்சம் நிற்கும் உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, சாயத்துக்கு மறுபடியும் ஆகும் உப்பைப் பிரித்தெடுக்கிறார்கள். எதற்கும் ஆகாத கலப்பு உப்பை மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்கள். நான் ஒரு முறை விவசாயிகள் குழுவோடு போய்ப் பார்த்தேன். கொட்டகை உச்சிவரை வெள்ளை மூட்டை. முன்பு அதெல்லாம் எங்கள் கிணற்றுக்குள் இருந்தது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மூட்டைக்கு ஒரு நல்ல வழி கண்டுபிடிக்கும்வரை எனக்கு மனம் ஆறாது. மழைக்காலத்தில் ஆற்றில் நுரை வந்தால் இன்றும் எங்கள் ஊர்க்காரர்கள் பாலத்துக்கு ஓடிப்போய்ப் பார்க்கிறோம்.

நீங்கள் பார்த்த ஓடையும் எங்கேயோ ஒரு விவசாயியின் கிணற்றுக்கு ஊற்றுத்தான், அம்மணி. அதை நினைத்து எழுதியதற்கு உங்களுக்கு நன்றி.

வாய்க்கால்மேடு எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட மனம் வரவில்லை. நேற்று இரவு எல்லாவற்றையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். லாரி அண்ணா எழுதிய முந்நூறு ரூபாய் வந்த இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். நாங்களும் அன்று பேரம் பேசினோம். இருநூற்றைம்பது குறைத்தோம்.

ஆப்பரேட்டர் ஐயா, மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். "அடியில் காங்கிரீட் போடவில்லை அம்மா, போட்டால் சீக்கிரம் நிரம்பும் என்று எல்லோரும் வேண்டாம் என்பார்கள். உங்களுக்கும் உறை மட்டும்தான் இறக்கியிருக்கிறேன்" என்றார். நல்லது செய்ததாகத்தான் அவர் நினைத்திருக்கிறார். எங்கள் போர் அந்தக் குழியில் இருந்து முப்பது அடிகூட இல்லை. சமையலுக்கு அந்தத் தண்ணீர்தான், காய்ச்சிக் குடிக்கிறோம். மூன்று வயதுப் பேத்தி விடுமுறைக்கு வந்து போகிறாள். இணைப்பு வாங்குவது என்று முடிவு செய்துவிட்டோம். என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று சொல்லுங்கள்.

முன்னாள் ஆப்பரேட்டர் எழுதியது:

அம்மா, முதலில் தண்ணீரைப் பாருங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், கழிவில் இருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட் என்ற உப்பு போகாது. காய்ச்சக் காய்ச்ச அது செறிவுதான் ஆகும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்குமேல் நைட்ரேட் இருக்கக்கூடாது, கைக்குழந்தைகளுக்கு அது மிகவும் ஆபத்து. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வகம் உண்டு. சுத்தமான பாட்டிலில் போர்த் தண்ணீரைப் பிடித்துப் போய் நைட்ரேட், மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் கோலிஃபார்ம் கிருமி இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் நகராட்சிக் குழாய்த் தண்ணீரை எடுங்கள்.

இணைப்பு கொடுக்கும்போது சில பிளம்பர்கள் செப்டிக் டேங்கின் வெளிவாயை மட்டும் தெருத் தொட்டியில் சேர்த்துவிட்டுப் போவார்கள். அப்படி விடாதீர்கள். கழிவறைக் குழாய் நேராகத் தெருத் தொட்டிக்குப் போக வேண்டும், பழைய குழி நடுவில் இருக்கக்கூடாது. சமையலறை, குளியலறைத் தண்ணீரும் இதிலேயே சேரட்டும். ஆனால் சமையலறைக் குழாயில் எண்ணெயும் பருக்கையும் தங்க ஒரு சின்னத் தொட்டி வைத்து, வாரம் ஒரு முறை வாரி எடுங்கள். பழைய குழியை உரிமம் உள்ள லாரியை வைத்துக் காலி செய்து, சுண்ணாம்பு தூவி, மணல் போட்டு மூடிவிடுங்கள். வெறுமனே பலகை போட்டு மூடினால் என்றாவது ஒரு நாள் பிள்ளைகள் விழும்.

மாடி மழைநீரை மட்டும் இதில் விடவே விடாதீர்கள். மழை நாளில் எங்கள் நிலையத்துக்கு வழக்கத்தைப்போல் இரண்டு மடங்கு தண்ணீர் வரும். அவ்வளவும் மொட்டை மாடித் தண்ணீர். காற்றூட்டும் தொட்டியில் இருக்கும் கசடை எல்லாம் அது அடித்துக்கொண்டு போய்விடும். நான் சொன்ன அந்த ஜாடியில் அன்றைக்கு அடியில் ஒரு விரற்கடைதான் நிற்கும். மழைநீரை நிலத்துக்கு விடுங்கள், உங்கள் போருக்கே அது நல்லது.

தெருவில் பாதிப் பேர் வாங்கவில்லை என்றீர்கள். முடிந்தால் அவர்களிடம் பேசுங்கள். சாக்கடைக் குழாயில் தண்ணீர் வினாடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது ஓட வேண்டும், அப்போதுதான் அழுக்கு படியாமல் தன்னையே கழுவிக்கொண்டு போகும். பாதி வீடு சேராவிட்டால் ஓட்டம் குறைந்து அங்கங்கே படிந்து அடைக்கும். அடைத்தால் மறுபடியும் ஒரு மனிதரைக் கூப்பிடுவார்கள். லாரித் தம்பி எழுதியதைப் படித்த பிறகு அதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பணம்தான் தடை என்று யாராவது சொன்னால் சென்னையை ஒட்டிய ஆலந்தூரைச் சொல்லுங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே குழாய் பதிப்பதற்கு முன்பே, மக்கள் வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கட்டினார்கள். தெருத்தெருவாகக் குடியிருப்போர் சங்கத்தினர் போய்ப் பேசிப் பேசிச் சேர்த்த பணம் அது. உங்கள் தெருவில் குழாயே பதித்தாகிவிட்டது.

டேங்கர் 6000 எழுதியது:

அக்கா, குழியைக் காலி செய்யும் நாளை முன்கூட்டியே முடிவு செய்து, காலை பத்து மணிக்கு வரச் சொல்லுங்கள். நிலையம் திறந்திருக்கும் நேரத்தில் எடுத்தால்தான் நேராக அங்கே போக முடியும். நாற்றம் ஒரு மணி நேரம்தான். அக்கம்பக்கத்தில் முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

வாய்க்கால்மேடு எழுதியது:

இன்று வைப்புத்தொகை கட்டியாகிவிட்டது. தண்ணீர்ப் பாட்டிலையும் ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். வியாழக்கிழமை பத்து மணிக்கு லாரி வருகிறது. பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் சொல்லிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா, "உங்கள் பிளம்பரை எங்கள் வீட்டுக்கும் அனுப்புங்கள்" என்றார். லாரிக்குப் பின்னால் கணவர் வண்டியில் நிலையம்வரை போய் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓடைப் பாலத்தில் அந்த எருமைக்காரம்மாவை நேற்றுப் பார்த்தேன். அன்று சொல்லாமல் விட்டதை உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். அந்த லாரியின் எண்ணை அவரும் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.